கணினி யுகத்தின் மீகாமன் நோபேர்ட் வீனர்

எமது பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு மலருக்கு ஒரு பெரியாரின் வாழ்க்கை வரலாற்றை எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் எம்மிடம் கேட்டிருந்தனர். எண்பதுகளில் ஒரே வகுப்பில் படித்த நாம் நால்வரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை கூடி ஆலோசித்தோம். இத்தகைய மலர்களில் பாடசாலையின் முன்னாள் அதிபர்களைப் பற்றியும் நாட்டின் தலைவர்களைப் பற்றியும் எழுதுவதே வழமை. நாம் தெரிவு செய்தவரோ வத்தேகமவின் பெயரைக்கூடக் கேள்விப்பட்டிராத ஓர் அமெரிக்கக் கணித மேதை. அவர் மறைந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. ஆயினும் இன்று எமது பிள்ளைகளின் கையிலுள்ள கருவியைப் பற்றி, அக்கருவி பிறப்பதற்கு முன்பே கவலைப்பட்டவர் அவர். அவரது பெயர் நோபேர்ட் வீனர்.

நாம் பயின்ற காலத்தில் பாடசாலையில் இருந்த இயந்திரங்கள் இரண்டே. ஒன்று அலுவலகத்துத் தட்டச்சுப் பொறி. மற்றது தவணைப் பரீட்சை வினாத்தாள்களை உருட்டி எடுக்கும் ரோனியோ. கணினி என்ற சொல்லையே பத்திரிகையில்தான் வாசித்தோம். இன்று தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் ஒரு பாடம். தரம் ஆறில் படிக்கும் பிள்ளையும் கைத்தொலைபேசியில் வீட்டுவேலை பெறுகிறாள். கருவியை இயக்கக் கற்றுக்கொடுக்க ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அதைக் கையாளும் மனம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு முன்மாதிரி வேண்டுமல்லவா? அதனால்தான் வீனரின் கதையை எழுத முன்வந்தோம். எமக்கென்று வேறொரு காரணமும் உண்டு. அதைக் கட்டுரையின் முடிவில் சொல்வோம்.

1894 நவம்பர் 26ஆம் திகதி, அமெரிக்காவின் மிசூரி மாநிலத்திலுள்ள கொலம்பியா என்னும் ஊரில் வீனர் பிறந்தார். தந்தை லியோ வீனர், அன்றைய ரஷ்யப் பேரரசைச் சேர்ந்த பியாலிஸ்டொக் நகரில் பிறந்த யூதர். அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து, தம் உழைப்பால் ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் ஸ்லாவிய மொழிகளின் பேராசிரியராக உயர்ந்தவர். டோல்ஸ்டோயின் நூல்களை 24 தொகுதிகளாக ஆங்கிலத்தில் பெயர்த்தவர். தந்தை மரக்கறி உணவே உண்டார். மகனும் அவ்வழக்கத்தை வாழ்நாள் முழுவதும் விடவில்லை.

மகனுக்குத் தந்தையே குரு. கணக்கில் ஒரு பிழை வந்தால் அதுவரை அன்பாகப் பேசிய தந்தை ஒரு நொடியில் மாறிவிடுவார். ஏச்சும் பரிகாசமும் மகன் அழும்வரை தொடரும். எட்டு வயதில் பையனின் கண்பார்வை மங்கியது. ஆறு மாதங்களுக்கு எதையும் வாசிக்கக் கூடாது என்று வைத்தியர் தடுத்தார். பாடம் மட்டும் நிற்கவில்லை. தந்தை வாயால் சொல்ல, மகன் அட்சர கணிதத்தையும் கேத்திர கணிதத்தையும் மனத்துக்குள்ளேயே செய்து பழகினான். பதினொரு வயதில் உயர்நிலைப் பள்ளியை முடித்தான். பதினான்கு வயதில் டப்ட்ஸ் கல்லூரியில் பட்டம் பெற்றான். 1913இல், பதினெட்டு வயதில், ஹாவர்ட் பல்கலைக்கழகம் அவருக்குக் கலாநிதிப் பட்டம் அளித்தது.

உலகம் வியந்தது. ஆனால் அந்த வியப்பின் நிழலில் வளர்ந்த பிள்ளையின் மனம் வேறாக இருந்தது. தன் பிள்ளைகள் சாதாரணப் பிள்ளைகளே, அவர்களின் வெற்றிக்குத் தன் கற்பித்தல் முறையே காரணம் என்று லியோ வீனர் பகிரங்கமாக எழுதினார். அதை வாசித்த மகன், வெற்றியெல்லாம் தந்தைக்கு, தோல்வியெல்லாம் தனக்கு என்று உள்ளுக்குள் நொந்துபோனார். புலமைப்பரிசில் பெறுபேறு வெளிவந்த மறுகணமே பிள்ளையின் புள்ளியைப் பேஸ்புக்கில் பதிவிடும் தாய்மாரான நாம் இதைச் சற்று நின்று வாசிக்க வேண்டும்.

இன்னொரு காயமும் இருந்தது. தான் ஒரு யூதன் என்பதைப் பதினைந்து வயது அளவில்தான் அவர் அறிந்தார். பெற்றோர் அதை மறைத்திருந்தார்கள். அதிலும் அவரது தாய், யூதர்களைப் பற்றி வீட்டில் இழிவாகவே பேசி வந்தவர். தான் இகழக் கேட்டு வளர்ந்த இனம் தன் இனமே என்று அறிந்த இளைஞர் நெடுநாள் தடுமாறினார். பின்னர் ஒரு முடிவுக்கு வந்தார். தன் இனத்துக்கு எதிரான வெறுப்பை மட்டும் எதிர்ப்பது போதாது; எந்த இனத்துக்கு எதிராக வந்தாலும் வெறுப்பு வெறுப்பே என்பதே அம்முடிவு. பின்னாளில் நாஸி ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த அறிஞர் பலருக்கு வேலை தேடிக்கொடுக்க அவர் ஓடித்திரிந்ததன் வேர் இங்கேதான் இருக்கிறது.

கேம்பிரிட்ஜில் பேர்ட்ரண்ட் ரசலிடமும் ஜெர்மனியின் கொட்டிங்கனிலும் உயர்கல்வி பயின்று திரும்பியவருக்கு நிலையான வேலை உடனே கிடைக்கவில்லை. கலைக்களஞ்சியத்துக்குக் கட்டுரை எழுதினார். சிறிது காலம் பொஸ்டன் ஹெரல்ட் பத்திரிகையில் நிருபராக இருந்தார். அப்போது லோரன்ஸ் என்ற நெசவாலை நகரத்துத் தொழிலாளரின் துயர நிலையைப் பற்றி எழுதினார். அதன்பின் பத்திரிகை உரிமையாளர்கள் தூக்கிவிட விரும்பிய ஓர் அரசியல்வாதியைப் புகழ்ந்து எழுத வேண்டி வந்தது. அதற்கு அவர் மனம் ஒப்பவில்லை, வேலை போயிற்று. பிறர் சொல்கிறார்கள் என்பதற்காகத் தன் கையால் பொய்யை எழுதுவதில்லை என்ற உறுதி அன்றே அவரிடம் இருந்தது.

1919இல் மசசூசெட்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் கணித விரிவுரையாளராகச் சேர்ந்தார். வாழ்நாளின் எஞ்சிய பகுதியை அங்கேயே கழித்தார். நீரில் மிதக்கும் நுண்துகள்களின் ஒழுங்கற்ற அசைவை அவர் கணிதத்தில் வடித்தார். அது இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. 1926இல் மார்கரெட் எங்கெமன் என்பவரை மணந்தார். இரு பெண் பிள்ளைகள் பிறந்தனர்.

அவரது ஞாபக மறதியைப் பற்றிய கதைகள் பல. அவற்றுள் ஒன்று உலகப் பிரசித்தமானது. புதிய வீட்டுக்குக் குடிபோன அன்று, பழக்கதோஷத்தில் பழைய வீட்டுக்கே போய்விட்டார். தெருவில் நின்ற ஒரு சிறுமியிடம் வீனர் குடும்பம் எங்கே குடிபோயிற்று என்று கேட்டார். அப்பா, உங்களை அழைத்துப் போகத்தான் அம்மா என்னை அனுப்பினார் என்றாளாம் சிறுமி. பின்னாளில் இக்கதையைக் கேட்ட அவரது மகள், நடந்தது ஏறக்குறைய அதுதான், ஆனால் தந்தை தம் பிள்ளைகளை ஒருபோதும் மறந்ததில்லை என்று திருத்தினார். கதையில் பெரும்பகுதி உண்மை. சிரிப்பு வரவழைத்த அந்தக் கடைசி வரி மட்டும் பொய். வதந்திகளின் அமைப்பே இதுதான் என்பதை வாசகியர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

இரண்டாம் உலக யுத்தம் மூண்டது. 1940இலேயே, எண்களைக் கொண்டு, மின்னணுக் குழாய்களால், இரும எண் முறையில், இடையில் மனிதர் கைவைக்காமல் இயங்கும் கணிப்பு இயந்திரம் ஒன்று வேண்டும் என்று அரசின் விஞ்ஞான ஆலோசகரான வனவர் புஷ்ஷுக்கு வீனர் ஓர் அறிக்கை அனுப்பினார். இன்றைய கணினியின் முக்கிய இலட்சணங்கள் அதில் இருந்தன. யுத்த நெருக்கடியில் அத்திட்டம் கிடப்பில் போடப்பட்டது. ஜூலியன் பிகலோ என்ற பொறியியலாளருடன் சேர்ந்து வேறொரு வேலையில் அவர் இறங்கினார். குண்டு வீச வரும் விமானம் அடுத்த சில விநாடிகளில் எங்கே இருக்கும் என்று முன்கூட்டிக் கணித்து, பீரங்கியை அங்கே திருப்பும் கருவி அது.

அந்தக் கருவி போர்க்களத்துக்குப் போகவில்லை. ஆனால் அதிலிருந்து ஒரு பெரிய எண்ணம் பிறந்தது. பன்விலைப் பக்கம் போகும் பஸ் சாரதியை நினைத்துப் பாருங்கள். வளைவைக் கண் காண்கிறது, கை திருப்புகிறது. திருப்பியது போதுமா என்று கண் மறுபடி பார்க்கிறது, கை மறுபடி திருத்துகிறது. தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கர் நொதிக்கும் இலையை அள்ளி மூக்கருகே பிடித்துப் பார்த்துவிட்டே அடுத்த வேலைக்கு உத்தரவிடுகிறார். செய்ததன் விளைவைப் பார்த்து, அதற்கேற்ப அடுத்த செயலைத் திருத்துவதைப் பின்னூட்டல் என்கிறோம். உயிருள்ளவையும் இயந்திரங்களும் இலக்கை அடைவது இந்த ஒரே வழியில்தான் என்று வீனரும் மெக்சிகோவின் உடலியல் அறிஞர் ஆர்துரோ ரோசன்புளூத்தும் கண்டனர். 1948இல் வெளிவந்த நூலில் வீனர் இந்தத் துறைக்கு சைபர்னெட்டிக்ஸ் என்று பெயரிட்டார். கப்பலில் சுக்கான் பிடிப்பவரைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அதன் வேர். எமது பழந்தமிழில் மீகாமன். இன்று சைபர் குற்றம், சைபர் பாதுகாப்பு என்று நாளும் சொல்கிறோமே, அந்தச் சைபர் இந்த மீகாமனின் மிச்சம்தான். சுக்கானில் கை இருக்க வேண்டும் என்ற பொருளைத்தான் நாம் மறந்துவிட்டோம்.

1945 ஓகஸ்டில் ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் அணுகுண்டுகள் விழுந்தன. வீனர் அணுகுண்டு வேலையில் பங்கெடுத்தவரல்லர். ஆயினும் விஞ்ஞானியின் அறிவு அவனுடைய கையை விட்டுப் போனபின் யார் தலையில் விழும் என்ற கேள்வி அவரைத் தூங்கவிடவில்லை. 1946இன் இறுதியில் ஒரு பரீட்சை வந்தது. விமான உற்பத்தி நிறுவனம் ஒன்றின் பொறியியலாளர், ஏவுகணை ஆராய்ச்சிக்காக, யுத்த காலத்தில் வீனர் எழுதிய ஆய்வு ஒன்றின் பிரதியைக் கேட்டார். வீனர் கொடுக்க மறுத்தார். மறுப்பை 1947 ஜனவரியில் அட்லாண்டிக் மாத இதழில் பகிரங்கமாகவும் வெளியிட்டார். காப்பற்ற மக்கள் மீது குண்டு பொழியவே அந்த ஆயுதம் பயன்படும் என்றும், பொறுப்பற்ற படைத்துறையினர் கையில் கேடு விளைக்கக்கூடிய எதையும் இனி வெளியிடுவதில்லை என்றும் அதில் அறிவித்தார். அதே மாதம் ஹாவர்டில் நடந்த பெரிய கணிப்பு இயந்திர மாநாடு படைத்துறையின் ஆதரவில் நடந்தது என்பதால் அதிலிருந்தும் விலகினார். அதன்பின் படைத்துறைப் பணத்தை அவர் தொடவில்லை.

அந்தக் காலத்து அமெரிக்காவில் இது சிறிய காரியமல்ல. கணினி ஆராய்ச்சிக்குரிய பணமெல்லாம் படைத்துறையிடமிருந்தே வந்தது. தாம் தொடங்கிவைத்த துறையிலேயே வீனர் மெல்ல மெல்ல ஓரத்துக்குப் போனார். சிலர் அவரைப் பைத்தியக்காரர் என்றார்கள். இரகசியப் பொலிசார் அவர் மீது கண் வைத்திருந்தனர். அவர் பின்வாங்கவில்லை.

1949இல் இரண்டாவது பரீட்சை. தானாக இயங்கும் தொழிற்சாலைகளை அமைக்க ஆலோசனை கூறுமாறு ஒரு பெரிய நிறுவனம் கேட்டது. இம்முறையும் மறுத்தார். மறுத்ததோடு நிற்கவில்லை. மோட்டார் வாகனத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர் வோல்டர் ரூதருக்குத் தாமாகவே ஒரு கடிதம் எழுதினார். இத்தகைய இயந்திரங்கள் வரத்தான் போகின்றன. கூலிக்கு உழைப்பவரின் இடத்தை அவை பிடிக்கும். அந்த நாளுக்கு முன்னரே தொழிலாளர் சங்கங்கள் ஆயத்தமாக வேண்டும், இயந்திரத்தின் இலாபத்தில் தொழிலாளருக்குப் பங்கு வேண்டும் என்பது அதன் சாரம். முதலாளி கேட்டபோது மௌனமாக இருந்துவிட்டு, பாதிக்கப்படப் போகிறவரைத் தேடிச் சென்று எச்சரித்த விஞ்ஞானிகள் எத்தனை பேர் இருப்பார்கள்?

1950இல் பொதுமக்களுக்காக அவர் எழுதிய நூல் இயந்திரத்தைப் பற்றியதைவிட மனிதரைப் பற்றியது. மூளையும் மனமும் உள்ள ஒரு மனிதரை, ஒரே அசைவை நாள் முழுதும் செய்யும் சக்கரமாகப் பயன்படுத்துவது மனிதத்துக்கு இழைக்கும் அவமானம் என்றார். தோட்டத்துப் பிள்ளைகளான எம்மில் சிலர் இதை வாசித்தபோது, அதிகாலையில் கூடையைத் தலையில் மாட்டிப் புறப்பட்ட தாயின் முகமே நினைவில் எழுந்தது. இயந்திரம் தாமாக நன்மை செய்வதுமில்லை, தீமை செய்வதுமில்லை என்பதும் எமக்குப் புதிதல்ல. கொழுந்து நிறுக்க எலெக்ட்ரோனிக் தராசு வந்தாலும், கழிவு எத்தனை கிலோ என்று தீர்மானிப்பது மனிதர்தானே.

வீனர் எமது பக்கத்து நாட்டுக்கும் வந்தார். 1953இன் இறுதியில் இந்தியாவுக்கு முதன்முறையாக வந்தார். பின்னர் 1955இல் பேராசிரியர் மகலனோபிஸின் அழைப்பில் கல்கத்தாவின் இந்தியப் புள்ளிவிபரவியல் நிறுவகத்துக்கு வந்து, பல மாதங்கள் தங்கிக் கற்பித்தார். இந்தியாவின் முதல் எண்ணிலக்கக் கணினி வந்து இறங்கியதும் அக்காலத்தில் அந்த நிறுவகத்திலேதான். பம்பாயைச் சேர்ந்த கணித அறிஞர் பெசி மசானி அவருடன் சேர்ந்து ஆராய்ந்தார்; பிற்காலத்தில் அவரது வாழ்க்கை வரலாற்றையும் எழுதினார். மேற்கு நாடுகள் கடந்துவந்த ஆலைக்கூலிகளின் துயர அத்தியாயத்தை இந்தியாவும் அப்படியே கடக்க வேண்டியதில்லை. திறமை மிக்க தொழினுட்பவியலாளரை உருவாக்கினால் புதிய இயந்திரங்களைக் கொண்டு அந்தத் துன்பத்தைச் சுருக்கலாம் என்பது அவர் கருத்து. ஆக, இயந்திரத்தை வெறுத்தவரல்லர் அவர். யாருக்காக, எதற்காக என்ற கேள்வியைக் கேட்காமல் அதை இயக்குவதையே வெறுத்தார்.

அவரது கடைசிக் கால எழுத்துகளில் ஒரு கதை திரும்பத் திரும்ப வரும். மாந்திரீகக் குரங்குக் கை ஒன்றிடம் ஒரு தம்பதி 200 பவுண் பணம் கேட்கிறார்கள். பணம் வருகிறது, ஆலை விபத்தில் இறந்த மகனுக்கான நட்டஈடாக. கேட்டது கிடைத்தது, வேண்டியது போயிற்று. எமது பாட்டிமார் சொன்ன பஸ்மாசுரன் கதையும் இதுதான். தொட்டவர் தலை சாம்பலாக வேண்டும் என்று வரம் கேட்டவன், ஈற்றில் தன் தலையிலேயே கை வைத்தான். கணினியும் அப்படிப்பட்ட வரமே என்றார் வீனர். நாம் கேட்டதை அது எழுத்துக்கு எழுத்து செய்யும். மனத்தில் நினைத்ததைச் செய்யாது. அது மனிதரைவிடப் பல மடங்கு விரைவாக இயங்குவதால், தவறு தெரியவரும்போது தடுக்க நேரமிராது. ஆகவே அதற்குக் கொடுக்கும் இலக்கு நாம் உண்மையாகவே விரும்பும் இலக்குத்தானா என்பதை முதலிலேயே உறுதி செய்ய வேண்டும் என்று 1960இல் அவர் எழுதினார்.

இத்தகைய மனிதரும் ஒருமுறை சுக்கானை விட்டுவிட்டார். அதை மறைத்தால் இந்த வரலாறு நேர்மையற்றதாகிவிடும். வொரன் மக்கலக்கும் வோல்டர் பிட்ஸும் அவரது நெருங்கிய சகாக்கள். மூளையின் கலங்களைக் கணித மொழியில் விளக்கியவர்கள். இன்றைய செயற்கை நுண்ணறிவின் முன்னோடிகள். இளைஞரான பிட்ஸ் வீனரைத் தந்தையாகவே மதித்தார். 1950களின் தொடக்கத்தில், அந்தக் குழுவினரைப் பற்றி வீட்டுக்குள்ளிருந்தே ஒரு பாரதூரமான குற்றச்சாட்டு வீனரின் காதுக்கு வந்தது. அது பொய் என்று பின்னாளில் அவரது வாழ்க்கையை ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். வீனர் விசாரிக்கவில்லை. சம்பந்தப்பட்டவர்களிடம் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. ஒரேயடியாகத் தொடர்பைத் துண்டித்தார். ஏன் என்று அவர்களுக்குச் சொல்லவுமில்லை. பிட்ஸ் அந்த அடியிலிருந்து மீளவேயில்லை. ஆராய்ச்சியைக் கைவிட்டு, மதுவில் மூழ்கி, 1969இல் மறைந்தார். விளைவைப் பார்த்துத் திருத்திக்கொள்வதே அறிவு என்று உலகுக்குக் கற்பித்தவர், தன் வீட்டு வாசலுக்கு வந்த ஒரு செய்தியைச் சரிபார்க்கவில்லை.

1964 ஜனவரியில் அமெரிக்க ஜனாதிபதி ஜோன்சன் தேசிய விஞ்ஞானப் பதக்கத்தை அவருக்கு அணிவித்தார். இரண்டு மாதங்களின் பின், மார்ச் 18ஆம் திகதி, சுவீடனின் ஸ்டொக்ஹோம் நகரில் தமது 69ஆவது வயதில் வீனர் காலமானார். மனிதருக்கும் இயந்திரத்துக்கும் இடையிலான பொறுப்பைப் பற்றிய அவரது கடைசிச் சிறுநூல் அடுத்த ஆண்டு அமெரிக்காவின் தேசிய நூற் பரிசைப் பெற்றது.

இனி, எமது சொந்தக் காரணத்துக்கு வருகிறோம்.

2018 பெப்ரவரி இறுதியில், அம்பாறையில் ஒரு முஸ்லிம் உணவகத்தின் சாப்பாட்டில் கருத்தடை மாத்திரை கலக்கப்பட்டதாக ஒரு காணொளி பரவியது. அரச பகுப்பாய்வில் அது வெறும் மாவுக்கட்டி என்று தெரியவந்தது. ஆனால் உண்மை நடந்துவர, பொய் பறந்துவிட்டது. மார்ச் தொடக்கத்தில், தெல்தெனியவில் தாக்கப்பட்ட லொறிச் சாரதி ஒருவர் உயிரிழந்ததைத் தொடர்ந்து, எமக்கு அண்மையிலுள்ள திகன, தெல்தெனிய முதல் அக்குறணை வரை முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. உயிர்களும் போயின. மார்ச் 6ஆம் திகதி அவசரகால நிலை பிரகடனமாயிற்று. பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் ஆகியவை நாடெங்கும் முடக்கப்பட்டன. வெறுப்புப் பதிவுகளைப் பற்றிப் பலர் முன்னரே முறையிட்டும் பேஸ்புக் நிறுவனம் உரிய வேளையில் செவிசாய்க்கவில்லை. சிங்கள மொழி அறிந்த பணியாளர் அதனிடம் போதியளவு இருக்கவில்லை. 2020 மே மாதம், சுயாதீன மதிப்பீடு ஒன்றை வெளியிட்டு அந்நிறுவனம் மன்னிப்புக் கோரியது. அதிகம் பேர் பார்ப்பதை இன்னும் அதிகம் பேருக்குக் காட்டு என்பதே இயந்திரத்துக்குக் கொடுக்கப்பட்ட இலக்கு. கோபமூட்டுவதே அதிகம் பார்க்கப்படுகிறது. குரங்குக் கை கேட்டதைக் கொடுத்துவிட்டது.

நிறுவனத்தைக் குறை சொல்லி நாம் தப்ப முடியாது. ஊரடங்கு நாளொன்றின் இரவில், எமது வகுப்புத் தோழிகளின் வட்ஸ்அப் குழுமத்துக்கு ஒரு குரல்பதிவு வந்தது. யார் குரல் என்று எவருக்கும் தெரியாது. இன்ன ஊரில் இன்னார் ஆயுதங்களோடு திரண்டு நிற்கிறார்கள், கவனம் என்றது அது. எம்மில் ஒருவர், அக்கறை என்று எண்ணியே, அதைப் பகிர்ந்தார். மற்ற மூவரும் உடனே வேறு குழுமங்களுக்கு அனுப்பினோம். மறுநாள் அது பொய் என்று தெரிந்தது. அந்தக் குழுமத்தில், எம்மோடு தரம் ஒன்றிலிருந்து ஒரே வாங்கில் இருந்து, நோன்புக் கஞ்சியும் வட்டிலப்பமும் எமக்கும் கொண்டுவந்து தந்த தோழியும் இருந்தார். அவர் எதுவும் எழுதவில்லை. குழுமத்தை விட்டு விலகினார். அவ்வளவுதான்.

முப்பது வருட நட்பைத் துண்டிக்க எமக்கு ஒரு விரல் அசைவு போதுமாக இருந்தது. அவர் வீட்டுப் படியேறி மன்னிப்புக் கேட்க இரண்டு வருடங்கள் பிடித்தன. தேநீர் தந்து உபசரித்தார். அந்த இரவில் தம் வீட்டு விளக்குகளை அணைத்துவிட்டுப் பிள்ளைகளோடு பின்னறையில் இருந்தபோதுதான் அந்தக் குரல்பதிவைக் கேட்டதாகச் சொன்னார். அனுப்பியவர்களின் பெயர்களைப் பார்த்தபோதே அதிகம் பயந்ததாகவும் சொன்னார். இந்த மலரில் அதை எழுத அவரிடம் அனுமதி கேட்டோம். தம் பெயரைப் போடாமல் எழுதும்படி சொன்னார்.

எமது தங்கைமாருக்கும் பிள்ளைகளுக்கும் நாம் சொல்லக்கூடியது இவ்வளவே. ஒரு செய்தி கைக்கு வந்தால், இது எங்கிருந்து வந்தது, நான் அறிவேனா என்று கேளுங்கள். இது பொய்யானால் யார் வீட்டு விளக்கு அணையும் என்று கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் அனுப்பாதீர்கள். அனுப்பிவிட்டீர்களாயின், அனுப்பிய எல்லா இடங்களுக்கும் போய்த் திருத்துங்கள், அதுவே பின்னூட்டல். ஒருவரின் படத்தை அவரது சம்மதமின்றிப் பகிராதீர்கள். செயற்கை நுண்ணறிவால் உருமாற்றிய படத்தை வேடிக்கைக்கும் தொடாதீர்கள். உங்கள் படத்தை யாரேனும் அப்படிச் செய்தால், வெட்கப்பட வேண்டியது நீங்களல்ல. தாயிடமோ ஆசிரியையிடமோ சொல்லுங்கள். சிறுவர்களுக்கு 1929, பெண்களுக்கு 1938 என்ற உதவி இலக்கங்கள் உள்ளன. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டமும், 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் எமது நாட்டில் உண்டு. ஆனால் அனுப்பும் பொத்தானுக்கும் விரலுக்கும் இடையில் எந்தச் சட்டமும் வந்து நிற்காது. அங்கே நிற்க வேண்டியது நாமே.

வீனர் இரு முறை இல்லை என்று சொன்னார். அதற்காக உலகம் அவரை நினைக்கிறது. ஒருமுறை விசாரிக்கத் தவறினார். அதற்கான விலையைப் பிறர் கொடுத்தார்கள். இரண்டையும் அறிந்துகொண்டு எமது பாடசாலையின் பெண் பிள்ளைகள் கணினியின் முன் அமர வேண்டும் என்பதே இந்நூற்றாண்டு நிறைவில் எமது விருப்பம். எமது தோழி குழுமத்துக்குத் திரும்பி வரவில்லை. நூற்றாண்டு விழாவுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்காக எமது வாங்கில் ஓர் இடம் வைத்திருக்கிறோம்.